மொழிக்கு முதலில் வராத எழுத்து

பதறாதீர்கள். ஷட்டர் தானாக விழவில்லை, என் மனைவிதான் இழுத்துவிட்டாள். வெளியே பூட்டும் போட்டிருப்பாள். மெஷின் பார்க்க யார் வந்தாலும் இப்போதெல்லாம் இதுதான் வழக்கம். முன்பு வந்தவர்கள் பாதிப் பேச்சில் ஓடிவிட்டார்கள். நான் ஓட்டிவிட்டேன் என்பது அவள் கட்சி. அதனால் பேரம் படியும்வரை வந்தவரையும் என்னையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் பால் வாங்கப் போய்விடுவாள். வந்து திறப்பாள். உட்காருங்கள். அந்த ஸ்டூல் வேண்டாம், அதன் நான்காவது கால் யாருக்கும் கட்டுப்படாது. இந்த மரப்பெட்டியில் உட்காருங்கள்.

என்ன? துணிப்பையோடு போனாளா? பால் வாங்கப் பை இல்லாமல் போவார்களா? அக்குளில் பேப்பர் சுற்றிய பலகை மாதிரி ஒன்று இருந்ததா? பழைய இரும்புக் கடைக்கு எதையாவது கொண்டுபோயிருப்பாள். இந்தப் பட்டறையில் அவள் கண்ணுக்கு எல்லாமே பழைய இரும்புதான். என்னையும் சேர்த்து.

உங்கள் பெயர் என்ன சொன்னீர்கள்? லோகநாதன். ம். அதற்குப் பிறகு வருவோம்.

விளம்பரத்தைப் பார்த்துத்தானே வந்தீர்கள்? அந்த வாட்ஸ்அப் செய்தியில் 'விற்பணைக்கு' என்று மூன்று சுழி ண போட்டிருந்தது. அவள் அனுப்பியது. அதைப் பார்த்த பிறகும் ஒரு மனிதர் கிளம்பி வந்திருக்கிறார் என்றால், ஒன்று அவருக்கு மெஷின் மிகவும் தேவை, அல்லது தமிழ் தேவையே இல்லை. சிரிக்கலாம், தவறில்லை.

நான் கலியபெருமாள். புலவர் கலியபெருமாள், சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். புலவர் பட்டம் வாங்கியவனுக்குக் கோயமுத்தூரில், ஆவாரம்பாளையத்தில், பம்ப் பட்டறையில் என்ன வேலை என்று கேட்கிறீர்கள். கேட்கவில்லையா? கேட்டிருக்க வேண்டும். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தேன் ஐயா. அந்த 'ஓடு' என்கிற உருபு இருக்கிறதே, அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'நாயோடு வந்தான்' என்றால் நாயும் வந்தது, அவனும் வந்தான். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் வீடு எங்கே இருக்கிறதோ அங்கே மாப்பிள்ளை. வீடு நகராது. ஆகையால் மாப்பிள்ளையும் நகர முடியாது. முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு சுவர், இரண்டுக்கும் வெளிவாசல் இந்த ஷட்டர் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயாவாக இருந்தவரைக்கும் பகலில் ஒரு விடுதலை இருந்தது. ஓய்வு பெற்றேன், அதுவும் போயிற்று. அதே வருடம் மாமனாரும் காலமானார். பட்டறை என் தலையில் விழுந்தது.

அதுவரை யார் பார்த்துக்கொண்டார்கள் என்றால், மாமனாரும் அவளும். ருக்மணி என்று வீட்டில் கூப்பிடுவார்கள். ரகரம் மொழிக்கு முதலில் வராது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். ராமன் என்று எழுதக்கூடாது, இராமன். ரத்தம் கிடையாது, இரத்தம். அந்தக் கணக்கில் ருக்மணி என்பது உருக்குமணி. கல்யாணப் பத்திரிகையிலேயே திருத்தி அச்சடித்தேன். உருக்கு என்றால் எஃகு. பட்டறைக்காரர் மகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா? அன்றிலிருந்து உருக்குமணி என்றுதான் அழைக்கிறேன். ஒரு தரம்கூட அவள் முதல் அழைப்பில் திரும்பியதில்லை. காது கொஞ்சம் மந்தம்.

அவள் மெஷின் ஓட்டுவாள். ஆமாம், இந்த மில்லிங் மெஷினைத்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஓட்டுகிறாள். பம்ப் ஷாஃப்ட்டில் கீவே, அதாவது சாவி உட்காருகிற காடி, வெட்டுவது, கப்ளிங் முகம் இழைப்பது, எல்லாம் அவள் கைதான். மாமனார் கடைசிக் காலத்தில் இதன் மேசைக்கு மோட்டார் பூட்டி, கம்ப்யூட்டர் சொன்னபடி நகரும்படி செய்து வைத்தார். அதையும் அவளேதான் பழகிக்கொண்டாள். இந்த வட்டாரத்துப் பம்ப்காரர்கள் 'ரங்கசாமி பட்டறைக் கீவே' என்றால் சாவியைத் தட்டாமலே இறக்கலாம் என்பார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை ஐயா. ஒரு பெண்பிள்ளை, நரைத்த தலை, எண்ணெய்க் கையோடு நிற்பதா? மாமனார் போனதும் முதல் காரியமாக, "இனி நீ இதில் நிற்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி அவளுக்கு ஓய்வு கொடுத்தேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நிம்மதி.

மெஷினுக்கு வருகிறேன். நீங்கள் பார்க்க வந்தது அதைத்தானே. இதோ, நடுவில் கனமாகத் தொங்குகிறதே, இது பெரிய கதிர். ஸ்பிண்டில் என்று சொல்ல வேண்டியதில்லை, கதிர் என்று நல்ல சொல் இருக்கிறது. இந்த ஊர் நூல் ஆலைகளில் இன்றைக்கும் அந்தச் சொல் உயிரோடு இருக்கிறது. பக்கவாட்டில் அலுமினியக் கட்டைக்குள் பளபளவென்று இருப்பது சின்னக் கதிர். அது நான் சேர்த்தது. அதைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

பெரிய கதிர் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுற்றும். அவ்வளவுதான் அதன் ஓட்டம். கீவே வெட்ட அது போதும். எனக்கு வேண்டியது எழுத்து. பித்தளைத் தகட்டில், நெல்மணி அளவில், சுழியும் கொம்பும் புள்ளியும் தெளிவாக விழுகிற தமிழ் எழுத்து. பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறார்களே, பார்த்திருப்பீர்கள். 'அன்பளிப்பு' என்பதைப் புள்ளியில்லாமல் 'அனபளிபபு' என்று கொத்தித் தருகிறார்கள். அந்தக் கொடுமையைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. அதற்கு வெட்டு உளியின் முனை மயிரிழைக்குக் கொஞ்சம் கூட இருக்கலாம், அவ்வளவுதான். அந்த மெல்லிய உளியைப் பெரிய கதிரில் மாட்டினால் என்ன ஆகும்? படக். ஒடியும். 'அ' பாதி போவதற்குள் ஒடியும். இன்னொன்று மாட்டினேன், படக். அந்த மாதம் முழுக்க இந்தப் பட்டறையில் வேறு சத்தமே இல்லை.

ஏன் ஒடிகிறது? அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு குழந்தை நடந்துபோவதைப் பாருங்கள். அப்பா ஓர் அடி வைத்தால் குழந்தை நாலு அடி வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் இழுபடும், விழும். சின்ன உளிக்குச் சுற்றளவு சின்னது. அதனால் அது பல மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் ஒவ்வொரு கடியும் வாய்கொள்ளாமல் போய்ப் பல் ஒடிந்துவிடும். நிமிடத்துக்கு இருபத்து நாலாயிரம் சுற்று வேண்டும். இதையெல்லாம் நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

கடைக்குப் போன் செய்து, "அதிவேகக் கதிர் ஒன்று வேண்டும்" என்றேன். "கதிர் அண்ணன் லீவுங், திங்கக்கிழமதான் வருவாருங்" என்றான் எதிர்முனையில். தமிழின் நிலைமை அது. திங்கட்கிழமை அந்தக் கதிர் அண்ணனே பேசி, இந்தக் கதிரை அனுப்பி வைத்தார்.

அலுமினியக் கட்டையில் துளை போட்டு, ஒரு பக்கம் கீறி, கதிரை உள்ளே நுழைத்து, திருகு போட்டு இறுக்கிப் பெரிய கதிரின் உறையோடு பூட்டினேன். கொஞ்சமும் அசையக்கூடாது என்று என் பலம் முழுவதையும் காட்டி இறுக்கினேன். ஓட விட்டால், கதிர் அழுகிறது. கொசு காதுக்குள் புகுந்த மாதிரி ஒரு சத்தம். கை வைத்தால் சுடுகிறது. அவிழ்த்தேன், பூட்டினேன், இன்னும் இறுக்கினேன். இன்னும் சுட்டது. கம்பெனியைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன், நல்ல கடிதம். அவள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, இத்தன இறுக்கிப் புடிச்சா அது எப்படிங்க சுத்தும்? உள்ள பேரிங் நசுங்குதில்லீங்க. விழாத அளவுக்குப் புடிச்சாப் போதுங்க. அதுக்கும் மூச்சு விடோணுமல்ல?"

"மூச்சு விட இது உயிருள்ள பொருளா? உயிரற்றது, அஃறிணை" என்றேன்.

"சரிங்க" என்று போய்விட்டாள்.

பிறகு நானாகவே யோசித்துத் திருகைக் கால் சுற்றுத் தளர்த்தினேன். அழுகை நின்றது. பாடத் தொடங்கியது ஐயா! நீங்கள் வாங்குகிறவர் என்பதால் இந்த நுட்பத்தைச் சொல்லிவைக்கிறேன். இறுக்கிப் பிடித்தால் கெட்டுப்போகும். பிடி இருக்க வேண்டும், அமுக்கக் கூடாது. அனுபவத்தில் கண்டது.

அப்புறம் நேர் பார்ப்பது. மேசைக்கும் கதிருக்கும் தலைமுடி அளவுகூடச் சாய்வு இருக்கக்கூடாது. இருந்தால் ஒரு பக்கத்து எழுத்து ஆழம், மறுபக்கத்து எழுத்து மேலோட்டம். முள் வைத்த டயலைப் பூட்டி, தட்டித் தட்டி, சாய்த்துச் சாய்த்து, அந்த நேர் கிடைப்பதற்குள் என் முதுகு வளைந்துவிட்டது. ஆகவே ஒரு விதி போட்டேன். சின்னக் கதிரை இனி யாரும் கழற்றக்கூடாது. கழற்றினால் நேர் போய்விடும். அது மாட்டியிருந்தால் பெரிய கதிர் முழுதாக மேலே ஏறாது, பெரிய உளி மாட்ட இடமில்லை. அதாவது பம்ப் வேலை செய்ய முடியாது. அது ஒன்றுதான் இடைஞ்சல்.

அவள் ஒரு வாரம் பொறுத்து வந்து கேட்டாள். "காலையில எழுத்து வெட்டுங்க, மத்தியானம் எனக்குக் குடுங்க. நானே கழட்டி, நானே மாட்டி, நானே நேர் பாத்துக் குடுத்தர்றனுங்க."

"நேர் பார்ப்பது விளையாட்டா?" என்றேன்.

அதன் பிறகு பம்ப்காரர்கள் வந்தால் பக்கத்துப் பட்டறைத் தேவராஜிடம் கைகாட்டி அனுப்பிவிடுவாள். அவன் வெட்டுகிற கீவேயை வாசலில் நின்றபடி விரலால் தடவிப் பார்ப்பாள். ஏதாவது சொல்வாள் என்று அவன் காத்திருப்பான். விரலைப் புடவையில் துடைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். வேலை இல்லாததால் ஓய்வாக இருக்கிறாள் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அவளிடம் எனக்கு ஒரே ஒரு குறை. பேச்சு. வங்கிக்கோ ரேஷன் கடைக்கோ கிளம்பும்போதெல்லாம் இந்த ஷட்டரடியில் நின்று, "வர்றேனுங்க" என்பாள். போகிறவள் வருகிறேன் என்று சொல்வது என்ன இலக்கணம்? இட வழு. மங்கல வழக்கு என்று ஊர் மன்னித்துவிடுகிறது, நான் ஏன் மன்னிக்க வேண்டும்? "போகிறவள் போகிறேன் என்று சொல்" என்பேன். சும்மா, ஒரு விளையாட்டுக்குத்தான். ஒவ்வொரு தடவையும் சொல்வேன். அவளும் ஒவ்வொரு தடவையும் செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்படிச் சொல்லக் கூடாதுங்க. போறேன்னு சொல்லிட்டுப் போனா திரும்பி வர்றதில்லீங்க" என்பாள். எங்கள் வீட்டில் இது ஒரு நாடகம் மாதிரி. அவள் வசனம் அவளுக்கு, என் வசனம் எனக்கு.

மாமனாரின் முதல் வருடத் திதி வந்தது. அப்போதுதான் அவள் என்னிடம் இந்த மெஷினில் ஒரு வேலை கேட்டாள். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? "எங்கப்பா பேரை ஒரு பித்தளைத் தகட்டுல வெட்டிக் குடுங்க. வாசல்ல மாட்டலாம். அவரு எழுதுன மாதிரியேங்க" என்றாள். வாசலில் ஒரு பழைய தகரப் பலகை இருந்தது. மாமனார் தன் கையாலேயே பெயின்ட்டில் எழுதியது. 'ரங்கசாமி ஒர்க் ஷாப்.' ரகரத்தில் தொடங்குகிறது, போதாததற்கு ர-வின் கால் கோணல். வருகிறவர்கள் போகிறவர்களெல்லாம் பார்க்கும்படி, ஒரு புலவன் வீட்டு வாசலில், அது அத்தனை வருடம் தொங்கியது. எப்படிப் பொறுத்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

வெட்டினேன். 'அரங்கசாமி தொழிற்கூடம்.' அரங்கன் என்பதுதான் தமிழ். கீழே அவர் வாழ்க்கையைச் சுருக்கி ஒரு வெண்பா. நானே எழுதியது. தளை தட்டவில்லை. சின்னக் கதிர் இருக்கிறதே என்று எழுத்தை எவ்வளவு பொடியாக்க முடியுமோ அவ்வளவு பொடியாக்கினேன். அரிசியில் பாதி. ஒவ்வொரு புள்ளியும் ஊசிமுனை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அப்படியே கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். லென்ஸ் இல்லாவிட்டால், ஏதோ தூசி படிந்த மாதிரி இருக்கும், உண்மை.

திதியன்று உறவெல்லாம் வந்திருந்தது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். அவளுடைய தாய்மாமன் நாச்சிமுத்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, தகட்டை மூக்கோடு ஒட்டிவைத்து, எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார்.

"அ... ர... அரக்க... அரக்கசாமியா? ஏனுங் மாப்பிள்ளை, எங்க மச்சான் கொஞ்சம் கோவக்காரருதான், இல்லீங்கல. அதுக்காக அரக்கன்னேவா வெட்டிப் போடுவீங்க?"

கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. "கீழ என்னமோ பொடிப்பொடியாக் கெடக்குதே, எறும்பா?" என்று இன்னொருவர். அது வெண்பா ஐயா. நான் லென்ஸ் எடுத்துவர உள்ளே ஓடினேன். திரும்பி வருவதற்குள் எல்லாரும் இலையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. எல்லாரும் போன பிறகு தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "எங்கப்பா பேரு எங்கீங்க?"

"இதோ இருக்கிறதே."

"இது நீங்க வெச்ச பேருங்க. எம்பேரத்தான் மாத்துனீங்க, சரின்னு உட்டுட்டேன். செத்தவரு பேர மாத்தறதுக்கு உங்களுக்கு யாருங்க சொன்னா?"

நான் ரகர விதியை முதலிலிருந்து விளக்கினேன். பொறுமையாகத்தான் விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு தகட்டை அந்த ஜன்னல் மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அதோ, இன்னும் அங்கேதான் கிடக்கிறது. உங்களுக்கு லென்ஸ் தரட்டுமா? வேண்டாமா? சரி, பிறகு.

வாசலிலிருந்து இறக்கிய தகரப் பலகையை நான் வீணாக்கவில்லை. நல்ல கெட்டித் தகரம். அதன் நான்கு ஓரத்தையும் தட்டி மடித்துத் தட்டு மாதிரி ஆக்கி, மெஷினுக்கு அடியில் எண்ணெய் ஏந்த வைத்தேன். அதோ மேலே குளுக்கோஸ் பாட்டில் தொங்குகிறதே, அது ஆஸ்பத்திரிச் சாமான்தான், நானாக யோசித்துச் செய்த ஏற்பாடு. அதிலிருந்து எண்ணெய் சொட்டு சொட்டாக உளிமேல் விழும், மேசைக் காடி வழியாக வழிந்து கீழே தகரத்தில் விழும். டிங். சரியாக அந்தக் கோணல் ர-வின் மேல் விழும்படி அமைந்துவிட்டது, நான் திட்டமிடவில்லை. டிங், டிங் என்று நாள் முழுக்கக் கேட்கும். எனக்கு அது தாளம். ருக்மணி, உருக்குமணி, தினமும் சாயங்காலம் வந்து குனிந்து அந்தத் தட்டை இழுத்து, முந்தானையால் துடைத்து, திரும்ப வைத்துவிட்டுப் போவாள். எண்ணெய்த் தட்டைப் போய் யாராவது தினமும் துடைப்பார்களா? அவ்வளவு சுத்தக்காரி.

சரி, நேற்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மறைப்பானேன். சாப்பாடு போடும்போது சொன்னாள். "ஒண்ணு, அந்தச் சின்னதக் கழட்டிப் போட்டு மெஷின என் கையில குடுங்க. இல்லீன்னா நாளைக்கு வர்றவருக்கு வித்துப் போடுங்க. எனக்கு ஆகாத மெஷினு வேற யாருக்காவது ஆகட்டும். ரெண்டுமில்லீன்னா நான் உடுமலைக்குப் போயர்றனுங்க. சித்தி மகன் பட்டறையில ஒரு மில்லிங் சும்மாதான் நிக்குதாம். ஓட்ட ஆளில்லியாமா."

"'இல்லீன்னா' அன்று. 'இல்லையென்றால்'" என்றேன்.

அவள் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனாள். போகட்டும். பிறந்ததிலிருந்து இந்தச் சுவருக்குள் இருக்கிறவள், எங்கே போய்விடப் போகிறாள்? இந்த வீட்டில் அடைபட்டவன் நான் ஐயா. வீடு அவளுடையது, பட்டறை அவள் அப்பாவுடையது, பூட்டு அவளுடையது. எனக்கென்று இருப்பது பக்கவாட்டில் தொங்குகிற இந்தச் சின்னக் கதிர் ஒன்றுதான். பெரியதோடு ஒட்டிக்கொண்டு, அதைச் சுற்றவிடாமல்... என்ன சொல்ல வந்தேன்? ஆமாம். விற்கமாட்டேன். உங்களிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் நேரத்தை வீணாக்கினேன் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் இலக்கணம் தெரிந்துகொண்டீர்கள்.

வெறுங்கையோடு அனுப்பமாட்டேன். இந்தப் பித்தளைத் துண்டில் உங்கள் பெயரை வெட்டித் தருகிறேன். லோகநாதன். லகரமும் மொழிக்கு முதலில் வராது. உலோகநாதன். எவ்வளவு அழகு பாருங்கள்! உலோகம் என்றால் உலகம், உலோகம் என்றால் இரும்பும் பித்தளையும். மெஷின் வாங்க வந்தவர் உலோகங்களுக்கு நாதன்! உங்கள் அப்பா லோகநாதன் என்றுதான் வைத்தாரா? வைத்திருப்பார். வைக்கிறவர்கள் யோசித்தா வைக்கிறார்கள்? நான் திருத்தித் தருகிறேன், சும்மா இருங்கள்.

இதோ, எண்ணெயைத் திறந்தேன். கதிரை ஓடவிட்டேன். கேளுங்கள், எப்படிப் பாடுகிறது. 'உ' விழுகிறது பாருங்கள். ஒரே இழுப்பு. 'லோ', அந்தக் கொம்பு, அந்தச் சுழி. எழுத்துக்குள் எழுத்து மோதாமல்...

இருங்கள்.

இருங்கள், கதிரை நிறுத்துகிறேன். உங்களுக்கு ஏதாவது கேட்டதா? எனக்கும் கேட்கவில்லை. எண்ணெய் விழுகிறது, சத்தம் இல்லை. 'டிங்' எங்கே? கொஞ்சம் நகருங்கள், குனிந்து பார்க்கிறேன்.

தட்டு இல்லை.

தட்டு இருந்த இடம் சதுரமாகச் சுத்தமாக இருக்கிறது. எண்ணெய் தரையில் போய்க்கொண்டிருக்கிறது.

ஐயா, அவள் அக்குளில் வைத்திருந்ததாகச் சொன்னீர்களே, பேப்பர் சுற்றி... எவ்வளவு நீளம் இருக்கும்? கையை விரித்துக் காட்டுங்கள். ஓரத்தில் எண்ணெய்க் கறை இருந்ததா? துணிப்பை கனமாக இருந்ததா? பால் பாத்திரம் இருந்ததா பையில்? புடவையா? மேலே தெரிந்ததா?

வேண்டாம், ஷட்டரைத் தட்டாதீர்கள். தட்டலாம், தேவராஜிடம் இன்னொரு சாவி இருக்கிறது, ஒரு குரலுக்கு வந்து திறப்பான். உங்களை விட்டுவிடுகிறேன். அதற்கு முன் ஒன்றே ஒன்று சொல்லிவிடுங்கள். ஷட்டரை இழுக்கும் முன் அவள் உங்களிடம் என்ன சொன்னாள்? "பொறுமையாக் கேளுங்க, நேரமாகும்" என்றாளா? சரி. அதற்கும் பிறகு? கடைசியாக? எனக்கும் ஏதோ காதில் விழுந்தது, நான் கவனிக்கவில்லை. கதிரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நன்றாக நினைவுபடுத்திச் சொல்லுங்கள். சொல்லுக்குச் சொல் எனக்கு வேண்டும். "வர்றேனுங்க" என்றாளா?

இல்லையா?

"போயிட்டு வர்றேன்" என்பதில் பின்பாதி ஷட்டர் சத்தத்தில் அமுங்கியிருக்கலாம். இல்லை? ஷட்டரை இழுப்பதற்கு முன்பே சொன்னாளா? உள்ளே என்னைப் பார்த்தபடியா? திரும்பவும் ஒரு தரம் சொல்லுங்கள், அவள் சொன்ன மாதிரியே.

போறேனுங்க.

ம்.

போகிறேன் என்பதன் பேச்சு வடிவம். தன்மை, ஒருமை, வினைமுற்று. இட வழு இல்லை. கால வழுவும் சொல்ல முடியாது.

இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் ஐயா, ஒரு பிழைகூட இல்லாமல் பேசியிருக்கிறாள்.